கூரைக்குள் காற்றைக் கூப்பிட்டவர்

பக்கிரிக்கு ஐம்பத்தாறு வயதில் பேத்தி பிறந்தாள். நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷன். நாற்பது கிலோ சாக்கை முதுகில் வாங்கிக்கொண்டு, லாரிக்குச் சாத்திய பலகையில் ஓடி ஏறியவர். அப்படிப்பட்டவர், மன்னார்குடி ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்த மூன்று கிலோ நூறு கிராமைக் கையில் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"செத்த உக்காருங்களேன்" என்றாள் பெண்டாட்டி செவ்வந்தி.

"உக்காந்தா கொழந்த குலுங்கும்டி."

அன்றிலிருந்து ஊரில் யார் எதிரே வந்தாலும் சரி, உரம் வந்துவிட்டதா என்று கேட்டாலும் சரி, பக்கிரியின் பேச்சு "மூணு கிலோ நூறு" என்றுதான் ஆரம்பிக்கும். பேத்திக்கு செம்மொழி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றைக்கு மைக்செட் கட்ட வேண்டும் என்று பக்கிரி நின்றார். பச்சைப் புள்ளைக்குக் காது போய்விடும் என்று செவ்வந்திதான் தடுத்தாள்.

மகள் சுடர்விழிக்கு இது தலைப்பிரசவம். தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். மூன்று மாதம் முடிந்த பிறகு, தொட்டிலும் அரைஞாணும் சீர்வரிசையுமாகத் தாய்வீட்டுக்காரர்களே கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முன்னால் மாமனார் வீட்டில் இருந்து வந்து கூட்டிப் போனார்கள் என்றால், அந்த வீட்டுக்கு 'புள்ளைய வச்சிப் பாக்க வக்கில்லாத வீடு' என்ற பெயர் விழுந்துவிடும். அப்புறம் எத்தனை மைக்செட் கட்டினாலும் அந்தப் பெயர் அழியாது.

அந்தப் பெயர்தான் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெள்ளைக் கார் ஒன்றில் ஏறி வந்து பக்கிரியின் வாசலில் இறங்கியது.

வந்தவர் சம்மந்தி இராஜாங்கம். மாப்பிள்ளை அன்பரசனின் அப்பா. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார். இராஜாங்கம் சயின்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். மன்னார்குடியில் மாடி வீடு, மாடியில் ஏசி. நல்ல மனுஷன்தான். அவருக்கும் இதுதான் முதல் பேத்தி. ஆனால் வந்ததும் குழந்தையைத் தொடாமல், கைப்பையில் இருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து, தொட்டிலுக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு" என்றார். "சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைக்கு முதுகு பூரா வேர்க்குரு. ஒண்ணு ஒண்ணரைக்கு ஆரம்பிச்சா நாலு மணி வரைக்கும் அழுவுறாளாம். இது வீடு இல்ல, இட்லி குண்டான்."

பக்கிரிக்குச் சுருக்கென்றது. "இந்தக் குண்டான்ல வெந்துதான் உங்க மருமவ எம்.எஸ்சி. வரைக்கும் படிச்சா" என்றார்.

"அப்ப கூரை வேற, இப்ப தகரம் வேற."

அது உண்மைதான். பக்கிரியின் அப்பா இருந்த குடிசைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். மிராசுதார் கொல்லையில், அவர் விட்ட இடத்தில் போட்ட குடிசை. வாசலை உயர்த்திக் கட்ட விடமாட்டார்கள். பட்டா கைக்கு வந்த வருஷமே பக்கிரி ஒன்பதடிக்குச் சுவர் எழுப்பி, ஆறரையடிக்கு நிலை வைத்தார். "பல்லக்கு நுழையப் போவுதா?" என்று கேட்டவர்களிடம், "இல்ல, நாங்க நிமிந்து நுழையப் போறோம்" என்று சொன்னார். அதற்கு மேலே போட்டிருந்த கீற்றுக் கூரையைக் கஜா புயல் கொண்டுபோய் எங்கேயோ போட்டது. கொல்லையில் நின்ற பதினோரு தென்னையையும் சாய்த்தது. அப்புறம்தான் தகரம் போட்டார். தகரத்துக்குக் கீழே பலகை அடித்துப் பரண் வைத்தார். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகிற இடம். நிழலுக்கு ஒரு தென்னை இல்லை. பகல் முழுக்க அந்த இடத்தில் சூடு சேர்ந்து, பலகை வழியாக இறங்கி, நேராகத் தொட்டிலில் விழுந்தது.

"நான் வாத்தியாரு, கணக்கா பேசுவோம்" என்றார் இராஜாங்கம். "உள்ள நாப்பத்திரண்டு. வெளிய தெருவோர வேப்பமர நெழல்ல முப்பத்தொம்பது, பாத்துட்டுதான் வந்தேன். அந்த முப்பத்தொம்பது ஊருக்கே பொது. அதுக்கு மேல இருக்கற மூணு டிகிரி உங்க வீடு சேக்கறது. அடுத்த வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு வருவேன். வெளிய விட உள்ள ஜாஸ்தி இருந்தா, தாயும் புள்ளையும் என் கூட. இல்லாட்டி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"வாங்க" என்றார் பக்கிரி. "சோத்தையும் இங்கயே சாப்புடுங்க. ஏசி இல்லன்னு எல சுருங்கிடாது."

கார் போன பிறகு சுடர்விழி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அப்பா, எனக்கு இங்கதான் இருக்கணும். ஆனா இவ அழுவுறத ரெண்டு மாசம் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுப்பா. மாமா சொன்னது ஞாயம்தான்."

மகள் அப்படிச் சொன்னது, சம்மந்தி சொன்னதை விடச் சுட்டது.

மறுநாள் ஊரே யோசனை சொன்னது. தகரத்து மேல் வைக்கோலைப் பரப்பி நனை என்றான் ஒருத்தன். நனைத்தார், ஒரு மணி நேரத்தில் வைக்கோல் காய்ந்து மொறமொறவென்று ஆகிவிட்டது. நீயும் ஏசி வாங்கு என்றான் இன்னொருத்தன். "மத்தியானம் ஆனா கரண்டு போயிடும். ஏசிய கட்டிக்கிட்டு அழுவுறதா?" என்றார் பக்கிரி.

கடைசியில் சுடர்விழிதான் போனில் ஒன்றைக் காட்டினாள். பரணுக்கென்றே ஒரு ஃபேன். சோலார் தகட்டில் ஓடும். பரணில் சேர்கிற சூட்டை வெளியே இழுத்துத் தள்ளிவிடும். அங்கே சேராவிட்டால் கீழே இறங்காது. பக்கிரிக்கு அதை இரண்டாம் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றுகிற மிஷின் பக்கத்தில் நின்றே பாதி ஆயுசைக் கழித்தவர். எது பறக்கும், எது நிற்கும், காற்றை எந்தப் பக்கம் வைத்தால் பதர் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"கரண்டு எப்பப் போவும்?" என்று கேட்டார்.

"வெயில் உச்சியில" என்றாள் மகள்.

"இது எப்ப நல்லா ஓடும்?"

"வெயில் உச்சியில."

"பொறப்படு செவ்வந்தி, மன்னார்குடிக்கு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சோலார் கடை வைத்திருந்த பெண்ணின் பெயர் தஹ்மீனா. முப்பது வயது இருக்கும். கடையில் தெருவிளக்கு, பம்புசெட் தகடு என்று அடுக்கியிருந்தது. பக்கிரி என்ற பெயரைக் கேட்டதும், "நாகூருக்கு நேந்துக்கிட்டு வச்ச பேரா ஐயா?" என்று சிரித்தாள்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு போயி மூணாவதா நான். நாகூரு ஆண்டவர் மேல பாரத்தப் போட்டு வச்சது. இப்ப என் பாரம் உன் மேல" என்றார் பக்கிரி. "பேத்தி பொறந்திருக்கா. மூணு கிலோ நூறு. இப்ப நாலுக்கு மேல."

அவள் மூன்று ஃபேன்களை மேஜையில் வைத்தாள். முதலாவது, கூரை உச்சியில் வைக்கிற தகர உருண்டை. காற்றடித்தால் தானே சுற்றும், தகடே வேண்டாம். இரண்டாவது, தகட்டைத் தலையில் சுமந்துகொண்டு கூரை நடுவில் உட்காருகிறது. மூன்றாவது, பக்கச் சுவரில் பதிக்கிறது. அதற்குத் தகடு தனி.

"உருண்ட வேண்டாம்" என்றார் பக்கிரி. "சித்திரையில பன்னண்டு மணிக்கு ஒரு எல அசையாது. எனக்கு வேண்டிய நேரத்துல அது தூங்கும்."

"அப்ப இது. ஒரே செட்டு, கூரைய வட்டமா வெட்டி உக்கார வச்சிடலாம்."

செவ்வந்தி முந்திக்கொண்டாள். "கூரைய வெட்டறதா? கஜாவுக்குக் கூரைய குடுத்தவங்க நாங்க. இனிமே அதுல ஒரு ஓட்டை விழ விடமாட்டோம்மா."

மிச்சம் இருந்தது சுவரில் பதிக்கிறது. தஹ்மீனா கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி? இருபதுக்கு முப்பது. தகட்டின் மேல் நிழல் விழுமா? "நெழலா? பதினோரு தென்னையும் போயிட்டு. எங்க கூரையில நாள் முழுக்க வெயிலுதான்." தகட்டைக் கூரையில் ஏற்கெனவே இருக்கிற கொக்கி போல்ட்டிலேயே கட்டிவிடலாம், புதிதாகத் துளை போட வேண்டாம் என்றதும் செவ்வந்திக்கு மூச்சு வந்தது. இருபது வாட்ஸ் போதும் என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார். "ஓட்டு வீட்டுக்குப் போதும், தகரத்துக்குப் பத்தாது, நாப்பது வேணும்" என்றாள் தஹ்மீனா. பக்கிரி நாற்பதையே தொட்டார்.

"எந்தச் சுவத்துல பதிக்கிறது ஐயா? கெழக்கா, மேற்கா?"

"மேற்கு. மத்தியானத்துக்கு மேல கொண்டக்காத்து கெழக்கேருந்து வரும். அத எதுத்துத் தள்ளுனா ஃபேன் பாவம். தூத்தறவன் காத்துக்கு எதுத்தாப்புல நிப்பானா?"

தஹ்மீனா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரியா சொன்னீங்க. கடைசியா ஒண்ணு. காத்து உள்ள வர்றதுக்கு வழி இருக்குல்ல?"

"வீடு முழுக்க வழிதான். ஆறரையடி வாசல், நாலு சன்னல்" என்றார் பக்கிரி, பெருமையாக.

அங்கேதான் சறுக்கினார்.

திங்கட்கிழமை ஃபேன் ஏறியது. மேற்குச் சுவரின் முக்கோணத்தில், நெல் அளக்கிற மரக்கால் வாய் போல வட்டமாக உட்கார்ந்துகொண்டு, வெயில் பட்டதும் விர்ரென்று சுற்றியது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. பக்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே காற்றைக் கண்டுபிடித்தவர் மாதிரி நின்றார். இரண்டு மணிக்கு உள்ளே போய், சம்மந்தி ஆணியிலேயே விட்டுப்போன தெர்மாமீட்டரைச் சுடர்விழியைப் படிக்கச் சொன்னார்.

நாற்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமையும் நாற்பத்திரண்டு. குழந்தை ஒன்றரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்குத்தான் ஓய்ந்தது. டீக்கடையில், "பக்கிரி வீட்டு மேல ஏரோப்ளேன் கெளம்பிட்டா?" என்று கேட்டான் ஒருத்தன். சாயங்காலம் இராஜாங்கம் போன் பண்ணினார்.

"என்ன சம்மந்தி, காத்தாடி சுத்துதா?"

"சுத்துது!" என்று கத்தினார் பக்கிரி. அது பொய் இல்லையே.

புதன்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் செவ்வந்தி பேத்திக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி போட்டாள். குழந்தையின் தலையைக் கூடைக்கு மேலே பிடித்துப் புகை காட்டினார்கள். பக்கிரி பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம் போல குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் புகையைப் பார்த்தார். தூற்றுகிறவன் காற்றைக் கண்ணால் பார்க்க மாட்டான். பதரைப் பார்த்துத்தான் காற்றைத் தெரிந்துகொள்வான். இங்கே பதர் இல்லை, புகை இருக்கிறது.

"அந்தத் தூவக்காலக் குடு" என்றார்.

"புள்ளைக்கு இன்னும் ஆவலைங்க."

"ஆனப்பறம் குடு."

சாம்பிராணித் தூபக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, பலகையை விலக்கிப் பரணுக்குள் தலையை நுழைத்தார். முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி அடித்தது. எதிரே ஃபேன் உறுமிக்கொண்டு சுற்றியது. தூபக்காலை நீட்டினார். புகை ஃபேனைப் பார்த்துப் போனது. போய், விளிம்பில் மோதி, சுருண்டு, திரும்பி அவர் முகத்துக்கே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. மிஷினில் வைக்கோல் அடைத்துக்கொண்டால் இப்படித்தான். இரைச்சல் அதிகமாகும், பதர் ஒன்றுகூட வெளியே விழாது.

கண் எரிய எரிய கூரை ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார். தகரத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் கீழே, சுவரோடு சேர்த்து, செங்கல் துண்டும் சிமெண்டும். ஒரு விரல் நுழையச் சந்து இல்லை. யார் அடைத்தது? அவரேதான். கஜா போன மறுமாதம், கொத்தனாரைக்கூட நம்பாமல், தன் கையாலேயே நான்கு சுவரும் சுற்றி வந்து அடைத்தார். கூரைக்கு அடியில் காற்று நுழைந்தால்தானே அது கூரையைத் தூக்கும்? இந்த ஜென்மத்தில் இனி என் கூரைக்குள் காற்று நுழையக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அடைத்தார். வாசலும் நாலு சன்னலும் கீழேதானே. பரணுக்கு ஒரு வழியும் இல்லை.

இறங்கி வந்து தஹ்மீனாவுக்குப் போன் போட்டார். "ஏம்மா, நீ அன்னிக்கு வழி இருக்கான்னு கேட்டது பரணுக்கா?"

"ஆமாங்கய்யா. வெளிய தள்ளணும்னா உள்ள வரணும்ல? ஏன், அடச்சி வச்சிருக்கீங்களா?"

"அடச்சிதான் வச்சிருக்கேன். நல்லா அடச்சிருக்கேன்."

உளியையும் சுத்தியலையும் எடுத்ததைப் பார்த்ததும் செவ்வந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. தல மேல கூரை இல்லாம பள்ளிக்கூடத்துல பதினெட்டு நாள் கெடந்தோம். மறந்துட்டீங்களா? நீங்களே பூட்டுன பூட்டு. நீங்களே ஒடைப்பீங்களா?"

 அந்தப் பதினெட்டு நாளும் பக்கிரியின் கண்ணுக்கு முன்னால்தான் நின்றது. உள்ளே குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. மணி ஒன்றரை ஆகப் போகிறது.

"செவ்வந்தி, அந்தப் புயலுக்குப் பயந்து ஏழு வருஷமா இந்தக் காத்தயும் சேத்து வெளிய நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். "எப்பவோ வரப்போற காத்துக்காக, இப்ப இவ வேகணுமா? ஒடைக்கிறேன். ஆனா சும்மா ஒடைக்கல. மூடி போட்டு ஒடைக்கிறேன். ரேடியோவுல புயலுன்னு சொன்னா மூடிடுவோம். போனா தொறந்துடுவோம். இனிமே இந்த வீட்டுக்குள்ள எந்தக் காத்து வரணும், எப்ப வரணும்னு நாமதான் சொல்லணும்."

செவ்வந்தி ஏணியை விடவில்லை. ஆனால் இப்போது அவர் விழாமல் இருக்கப் பிடித்துக்கொண்டாள்.

கிழக்குச் சுவரில் நாலு இடம். வாழைக் கொல்லையும் வாய்க்காலும் இருக்கிற பக்கம் அது. அணில், பாம்பு நுழையாமல் கம்பி வலை. ஒவ்வொன்றுக்கும் கீல் வைத்துப் பலகை மூடி, உள்ளே இழுத்து மாட்ட இரும்புக் கொக்கி, கீழே நின்றே திறந்து மூட ஒரு கயிறு. வியாழக்கிழமை பொழுது சாய்கிற வரைக்கும் வேலை. போட்ட சிமெண்டு நல்ல சிமெண்டு. உடைத்த கை வலித்தது. "எவன்டா இவ்ளோ கெட்டியா பூசுனவன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு உடைத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இராஜாங்கம் வந்து இறங்கினார். காரில் பின்சீட்டில், குழந்தை படுக்க மெத்தை கூடப் போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கீழே ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேன் தளர்ந்து நின்றது.

"பாத்தீங்களா" என்றார் இராஜாங்கம்.

"கேளுங்க" என்றார் பக்கிரி, விரலை மேலே காட்டி.

பரணில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. இப்போது உறுமல் இல்லை. நல்ல நெல் தூற்றுகிற மிஷின் மாதிரி, நிதானமான சத்தம்.

இராஜாங்கம் கொண்டுவந்த இன்னொரு தெர்மாமீட்டரை வேப்பமரத்தில் மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் நின்றார். வாத்தியார் வாத்தியார்தான். "வெளிய முப்பத்தொம்பது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பக்கிரி தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். செவ்வந்தி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"படிங்க சம்மந்தி. எனக்கு வாசிக்க வராது. நீங்க படிச்சா நான் நம்புவேன்."

இராஜாங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"முப்பத்தெட்டு... முப்பத்தெட்டரை."

"வெளிய விட?"

"அர டிகிரிதான் கம்மி."

"கம்மியா, ஜாஸ்தியா? அத சொல்லுங்க."

"கம்மி" என்றார் இராஜாங்கம். அப்புறம் வாத்தியார் குணம் விடவில்லை. "ஆனா நாளைக்கு வெயில் இன்னும் ஏறுமே. கத்திரி பொறக்கப் போவுது."

"ஏறட்டும். அதுக்குச் சோறே வெயிலுதான். வெயில் ஏற ஏற அது வேகமா சுத்தும்."

"புயல் வந்தா? பெரிய பெரிய ஓட்டையா போட்டு வச்சிருக்கீங்களே."

பக்கிரி கயிற்றைப் பிடித்து இழுத்தார். பரணில் நாலு மூடியும் தட் தட்டென்று வரிசையாக விழுந்தன. திரும்ப இழுத்துத் திறந்தார். "இருவத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க வாசல் எவ்ளோ ஒசரம் இருக்கணும்னு வேற ஒருத்தர் சொன்னாரு. ஏழு வருஷமா எங்க வீட்டுல காத்து வரலாமா வேண்டாமான்னு கஜா சொன்னுச்சு. ரெண்டு பேரு பேச்சும் முடிஞ்சிட்டு சம்மந்தி. எம்பேத்தி எத்தன நாளு இங்க இருக்கணும்னு உங்க தெர்மாமீட்டரு சொல்லும்னு நெனச்சீங்க. அதுவும் எங்க பக்கம்தான் சொல்லிட்டு."

சுடர்விழி தொட்டில் பக்கத்திலிருந்து, "மெதுவா பேசுங்க ரெண்டு பேரும், எழுந்திரிச்சிடப் போறா" என்றாள்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மணி இரண்டேகால். குழந்தை அழவில்லை. கையை விரித்துப் போட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகில் வேர்க்குரு இன்னும் இருந்தது. ஆனால் நெற்றியில் வேர்வை இல்லை.

இராஜாங்கம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். வாயைத் திறக்கவில்லை. தொட்டிலைக் குனிந்து பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். அப்புறம், "மாமா, எலையில உக்காருங்க" என்று சுடர்விழி கூப்பிட்டபோது, காரில் இருந்து மெத்தையை எடுத்துவந்து, "இது இங்கயே கெடக்கட்டும்மா, புள்ளைக்கு" என்றார். அவ்வளவுதான்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது ஆணியில் இருந்த தெர்மாமீட்டரைக் கழற்றக் கையை நீட்டினார்.

"அது இருக்கட்டும், வேப்பமரத்துல இருக்கறதும்" என்றார் பக்கிரி.

"உங்களுக்கு எதுக்கு? படிக்க வராதுன்னீங்க."

"சுடரு படிச்சிச் சொல்லுவா. நான் தெனம் ரெண்டு மணிக்கு உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுவேன். மூணு மாசம் முடியற ஆனி பத்து வரைக்கும். பதினொண்ணாந்தேதி தொட்டிலோட, சீரோட, நாங்களே கொண்டாந்து விடுவோம். மைக்செட்டு கட்டித்தான்."

இராஜாங்கம் சிரித்துவிட்டார். "மைக்செட்டா?"

"உங்க மாடி ரூமும் மொட்ட மாடிக்கு அடியிலதான் இருக்கு. கரண்டு போனா அதுவும் குண்டான்தான். மன்னார்குடியில எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. புள்ள அங்க வர்றதுக்குள்ள வேணும்னா சொல்லுங்க, நானே வந்து எந்தச் சுவர்னு காட்டுறேன்."

கத்திரி வெயில் பிறந்த அன்றைக்கு, சொன்னபடியே இரண்டு மணிக்கு மன்னார்குடியில் போன் அடித்தது. இராஜாங்கம் எடுத்ததும், ஹலோ கூடச் சொல்லவில்லை பக்கிரி.

"வெளிய நாப்பத்தொண்ணு. உள்ள நாப்பது. நாலு கிலோ முந்நூறு."